ரயில்வே கேட்டில் ஏறும் முள்

ஏப்ரல் 21, திங்கள்

என் காரின் சாவியை என் மகள் ஜெசிந்தா எடுத்துக்கொண்டு போய்விட்டாள். என்னைக் கேட்கவில்லை. மேசைமேல் கிடந்ததை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, "இனிமே நீங்க வண்டி எடுக்க வேண்டாம்ப்பா" என்றாள். நான் உழைத்து வாங்கிய வண்டி. அதன் இன்ஜின் போய்விட்டது, வந்த விலைக்குத் தள்ளிவிடலாம் என்று அவளும், அவள் புருஷன் கிளாட்வினும், மெக்கானிக் இசக்கிமுத்துவும் கூடிப் பேசி முடிவுகட்டியிருக்கிறார்கள். நடந்த அநியாயம் இதுதான். பிறகு யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது என்பதற்காக எழுதிவைக்கிறேன்.

சனிக்கிழமை மதியம் நானும் என் மனைவி பிலோமியும் உப்பளப் பக்கம் போய்விட்டுத் திரும்பினோம். ரயில்வே கேட் அடைத்திருந்தது. சரக்கு ரயில் வந்துகொண்டே இருந்தது. நிற்கும்போது முதலில் ஏசியில் குளிர் குறைந்தது. பிறகு சுடுகாற்று வந்தது. அதற்குப் பிறகுதான் டெம்பரேச்சர் முள் ஏறியது. கடைசியில் பானெட்டிலிருந்து ஆவி. பிலோமிக்குக் கொஞ்சம் வியர்த்தது. அவ்வளவுதான் நடந்தது.

இந்த வரிசை முக்கியம். ஏசிதான் முதலில் கெட்டது. ஆகவே கோளாறு ஏசியில். எங்கோ கேஸ் கசிகிறது, அதனால் கம்ப்ரஸர் திணறுகிறது, அந்தப் பாரம் இன்ஜினைச் சூடாக்குகிறது. இன்ஜினுக்குள் தண்ணீரும் ஆயிலும் கலக்காமல் அடைக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று இசக்கிமுத்து சொல்வது வாய்க்கு வந்த பேச்சு.

உளுந்து ஊறப்போட்டிருக்கிறேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

பிலோமி இன்றும் பேசவில்லை.

ஏப்ரல் 23, புதன்

இசக்கிமுத்து வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்து வீட்டு முற்றத்து வேப்பமரத்தடியில் விட்டுவிட்டுப் போனான். பட்டறையில் இடம் இல்லையாம்.

"என்னத்தைப் பாத்த?" என்று கேட்டேன்.

"எல்லாத்தையும் பாத்தாச்சு அண்ணாச்சி. வயரை அசைச்சுப் பாத்தேன். ஸ்விட்ச்செல்லாம் தட்டிப் பாத்தேன். தண்ணி ஊத்தி ஓட்டியும் பாத்துட்டேன்."

"சூடு ஏறுச்சா?"

"அப்போ ஏறல."

"அப்போ கேஸ்கெட் போச்சுன்னு எப்படிச் சொல்லுத?"

"அது சில நேரம் பண்ணும், சில நேரம் பண்ணாது அண்ணாச்சி. வயசாச்சுல்லா." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். வண்டியைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம்.

முப்பது வருடம் துறைமுகத்தில் எடைமேடை பார்த்தவன் நான். லாரி ஏறி நிற்கும்போதே முள் பொய் சொல்கிறதா என்று கண்டுபிடிப்பேன். எனக்கு எதையும் யாரும் சொல்லித்தந்ததில்லை. ரேடியோவைப் பிரித்து ரேடியோ கற்றேன். மோட்டாரைப் பிரித்து மோட்டார் கற்றேன். ரேடியேட்டர் ஃபேனைத் தானாக ஓடவைக்கும் தெர்மோ சுவிட்ச் கெட்டபோது, புதிது வரட்டும் என்று இதே இசக்கிமுத்து சொன்னான். நான் காத்திருக்கவில்லை. ஃபேனுக்கு நேராக வயர் இழுத்து, டேஷ்போர்டில் இடது ஓரமாக, பழைய ஸ்பீக்கர் இருந்த ஓட்டையில், வீட்டுச் சுவரில் போடும் வெள்ளை ஸ்விட்ச்சையே பொருத்தினேன். கார்க்கடை ஸ்விட்ச் சீக்கிரம் தேய்ந்துவிடும். அதன் கீழே வெள்ளைப் பெயின்ட்டில் 'ஃபேன்' என்று எழுதினேன். அன்று முதல் அது எப்போதும் போட்டபடியே இருக்கிறது. சாவி திருகினால் ஃபேன் ஓடும். ஒரு நாளும் தொல்லை தந்ததில்லை.

இரண்டாவது சாவி ஒன்று இருப்பது ஜெசிந்தாவுக்குத் தெரியாது.

ஏப்ரல் 25, வெள்ளி

காலையில் சோதனை. ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட் என்றால் பச்சையாக இருக்கும், விரலில் தேய்த்தால் வழுக்கும், இனிப்பு வாடை அடிக்கும். ஏசி சொட்டுவது வெறும் தண்ணீர்தான். பிலோமியின் எனாமல் தட்டை வண்டிக்குக் கீழே, முன்சீட்டுக்கு நேராக வைத்து, ஏசியைப் போட்டு ஓடவிட்டேன். விழுந்தது தெளிந்த தண்ணீர். வழுக்கவில்லை. வாடை இல்லை. ரேடியேட்டருக்குக் கீழே விரித்த பழைய பேப்பர் காய்ந்தே கிடந்தது.

பிறகு ஆயில் குச்சியை உருவிப் பார்த்தேன். கேஸ்கெட் போயிருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்து பால் காபிபோல இருக்கும். சுத்தமாக இருந்தது. சைலன்சரில் வெள்ளைப் புகையும் இல்லை. இன்ஜினுக்கு நான் சான்றிதழ் கொடுக்கிறேன்.

அடுத்து ஏசி. சோப்பைக் கரைத்து ஏசி பைப் மூட்டுகளில் பிரஷ்ஷால் தடவினேன். கேஸ் கசிந்தால் குமிழி வரும். ஒரு குமிழிகூட வரவில்லை. இது எனக்குப் பிடிக்கவில்லை. சோப்பு மட்டமான சோப்பாக இருக்க வேண்டும்.

மதியம் நான் தனியாக உள்ளே உட்கார்ந்து, கண்ணாடிகளை ஏற்றி, வண்டியை நின்றபடியே ஓடவிட்டேன். நெடுநேரம். முள் நடுவில் படுத்துத் தூங்கியது. ஏசி குளிர்ந்துகொண்டே இருந்தது. கண்ணாடிக்கு வெளியே வேப்ப இலைகள் சத்தமில்லாமல் உதிர்ந்தன. கொடியில் என் வேட்டி ஆடியது, அதற்கும் சத்தமில்லை. தண்ணீருக்கடியில் ஒரு அறை இருந்தால் இப்படித்தான் இருக்கும். பக்கத்து சீட்டைப் பார்த்தேன். காலியாக இருந்தது. இறங்கிவிட்டேன்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே பிலோமி தலைக்கு மேல் ஓடிய ஃபேனை அணைத்துவிட்டாள். எழுந்து போட்டேன். மறுபடி அணைத்தாள். நான் அங்கே இருப்பது அவள் கண்ணில் படுவதில்லை. முதுகெல்லாம் நனைந்துவிட்டது.

ஏப்ரல் 26, சனி

ஜெசிந்தா மீன் குழம்பு கொண்டுவந்தாள். பேச்சு வந்தது.

"கேட்ல கொஞ்சம் வேர்த்துச்சு, அதுக்குப் போயி," என்றேன்.

"கொஞ்சம் வேர்த்துச்சா? அம்மாவை ரெண்டு பேரு தூக்கி ஆட்டோவுல ஏத்துனாங்கப்பா. ஆஸ்பத்திரியில கண்ணு முழிக்கிற வரைக்கும் நீங்கதான் அவங்க காலைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தீங்க. மறந்துட்டீங்களா?"

"மறக்கல."

"பெறகு எதுக்கு அந்த வண்டி? ஏசி வேணும்னா ரூமுக்குப் போட்டுத் தாரோம்னு இவங்க சொல்லுதாங்கல்ல?"

ரூம் நகராது என்றேன். அவளுக்குப் புரியவில்லை. நான் விளக்கவும் இல்லை.

குழம்பில் புளி அதிகம்.

ஏப்ரல் 27, ஞாயிறு

பூசைக்குப் போய்விட்டு வந்து, ஜெசிந்தா வீட்டில் எல்லோரும் தூங்கும் நேரம் பார்த்து, பிலோமியை முன்சீட்டில் உட்காரவைத்தேன்.

வீட்டுக்குள் அவள் பேசி மாதக்கணக்காகிறது. சோறு வைத்தால் சாப்பிடுவாள். தலை சீவினால் தலையைக் காட்டுவாள். ஆனால் வண்டி நகர்ந்து, ஏசி குளிர்ந்து, கடைசி வீடு பின்னால் போனதும் அவள் முகத்தில் ஒரு கதவு திறக்கும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் டாக்டரிடம் சொல்வார்கள். டாக்டர் ஒரு பெயர் வைப்பார்.

உப்பளத்துக்கு நடுவே ரோடு வெள்ளையாகக் கிடந்தது. பாத்திகளில் வானம் இறங்கிக் கிடந்தது. எது மேல், எது கீழ் என்று சொல்ல முடியாத வெயில். உப்பு அம்பாரங்கள் கானலில் மிதந்து மெதுவாக எங்கள்கூடவே வந்தன.

"யாரோ சோறு வடிச்சுக் குமிச்சு வச்சிருக்காங்க" என்றாள் பிலோமி. "என்ன விசேஷமோ."

"கல்யாணமா இருக்கும்" என்றேன்.

"எலை போதுமா?"

"போதும்."

கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் திரும்பாமலே கேட்டாள். "டிரைவர் தம்பி, எங்க ஊரு மணப்பாடு போக இன்னும் எவ்வளவு நேரம்?"

சில நாட்களில் நான் டிரைவர். சில நாட்களில் அவள் அண்ணன் மரியதாஸ். நான் நானாக இருந்து நாளாயிற்று. டிரைவராக இருப்பதில் எனக்குப் பெரிய கஷ்டம் இல்லை. டிரைவரிடம் அவள் நிறையப் பேசுகிறாள்.

"இப்போ வந்துரும்மா."

"மெதுவாவே போங்க. எங்க வீட்டுக்காரரு வந்தா வெரட்டி வெரட்டி ஓட்டுவாரு. அவருக்கு எதையும் தானே செய்யணும். வயரை வாயில கடிச்சே உரிப்பாரு. ஷாக் அடிச்சாலும் அடிக்கலன்னுதான் சொல்லுவாரு."

இது முழுக்கச் சரியல்ல. ஒரு தடவைதான் அடித்தது.

திரும்பும்போது கேட் அடைத்திருந்தது. வண்டி நின்றதிலிருந்து முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏசிக் காற்று மெல்ல வெதுவெதுத்தது. முள் எழுந்தது. ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டேன், முள் நிற்கவில்லை. நல்லவேளை, வந்தது பாசஞ்சர் வண்டி, சட்டென்று கேட் திறந்தது. ஓடத் தொடங்கியதும் முள் தானாக இறங்கியது, குளிரும் திரும்பியது. வீடு வந்து சேர்ந்தோம். பிலோமி நெற்றியில் மட்டும் வியர்வை. இந்தத் தடவை உண்மையாகவே கொஞ்சம்தான்.

தனியாக இருந்தால் குளிர்கிறது. அவளோடு போனால் கொதிக்கிறது. இதற்கு என்ன கணக்கு?

ஏப்ரல் 28, திங்கள்

பிடித்துவிட்டேன்.

காலையில் பானெட்டைத் திறந்துவைத்து வண்டியை ஸ்டார்ட் செய்தேன். ரேடியேட்டர் ஃபேன் சுற்றவில்லை.

நான் சொன்னதும் தப்பு, இசக்கிமுத்து சொன்னதும் தப்பு. ஏசி குளிரவும் அந்த ஃபேன் வேண்டும், இன்ஜின் ஆறவும் அதே ஃபேன் வேண்டும். வண்டி ஓடும்போது எதிர்காற்று அந்த வேலையைச் செய்துவிடும். நின்றால் காற்று நிற்கும். ஃபேனும் சுற்றாவிட்டால் முதலில் ஏசி போகும், பிறகு இன்ஜின் கொதிக்கும். கேஸும் கசியவில்லை, கேஸ்கெட்டும் போகவில்லை. இரண்டு நோய் என்று நாங்கள் சண்டை போட்டது ஒரே நோய்.

(என்னுடைய தப்பு சிறியது. அவனுடையது இன்ஜினைப் பிரிக்கும் அளவுக்குப் பெரியது.)

மோட்டார் எரிந்துவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை. டேஷ்போர்டில் வெள்ளை ஸ்விட்ச் அணைத்துக் கிடந்தது. தட்டினேன். ஃபேன் உறுமிக்கொண்டு சுற்றியது.

நான் அணைக்கவில்லை. யார் அணைத்தது? யோசித்ததில் ஒரே பெயர்தான் வந்தது. வண்டியை விற்கத் துடிப்பவன் எவனோ அவன். கிளாட்வினுக்கு போன் போட்டேன்.

"நேத்து பூசை முடிஞ்சு இங்க வந்தேல்லா. வண்டிக்குள்ள கைய விட்டியா?"

"மாமா, நான் உங்க வண்டிப் பக்கமே வரலையே."

"பெறகு ஃபேன் ஸ்விட்ச்சை அணைச்சது யாரு?"

"எந்த ஸ்விட்ச்சு?" பிறகு அவனே, "மாமா, சாவி எங்ககிட்டல்லா இருக்கு. வண்டிய எப்படி ஸ்டார்ட் பண்ணுனீய?"

இணைப்பைத் துண்டித்துவிட்டேன்.

ஏப்ரல் 29, செவ்வாய்

ஜெசிந்தா வந்து இரண்டாவது சாவியைக் கேட்டாள். தரவில்லை. அவள் அழுதாள். "அவங்களைப் போயி அப்படிச் சொல்லலாமாப்பா" என்றாள். என் பக்கத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அரிசி கொதிக்கும்வரை எனக்கு வேறு எதிலும் மனம் போகவில்லை.

அடுத்த வாரம் வண்டியைப் பார்க்க ஆள் வருவானாம்.

ஏப்ரல் 30, புதன்

மோர்மிளகாய் வெயிலில் போட்டேன். பிலோமி பேசவில்லை. ஹாலில், அறையில், அடுப்படியில் ஃபேன்களை வரிசையாக அணைத்துக்கொண்டு போனாள்.

மே 2, வெள்ளி

இன்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஃபேன் ஸ்விட்ச் போட்டிருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்பினேன். கேட் வழி வேண்டாமென்று சுற்றிப் போனேன். உப்பளத்து நடுவில், கேன் தண்ணீரைக் கையோடு வைத்துக்கொண்டு, ஓரமாக நிறுத்தினேன். இன்ஜினை அணைக்கவில்லை. நின்றபடி ஓடட்டும், கொதிக்கிறதா பார்ப்போம் என்று.

அனல் அலைந்தது. தூரத்தில் உப்பு வாருகிறவர்கள் கால் இல்லாமல் நடந்தார்கள், கானல் அவர்களை முழங்காலுக்குக் கீழே விழுங்கியிருந்தது. ஒரு வெள்ளைக் கொக்கு பாத்தியில் நின்றது, அதன் கீழே இன்னொரு கொக்கு தலைகீழாக நின்றது. பிலோமி இரண்டையும் பார்த்துச் சிரித்தாள்.

"மரியதாஸ் அண்ணன் கல்யாணத்துக்கு நாங்க படகுலதான் போனோம் தம்பி. எனக்கு நீலச் சேலை. காத்து பிச்சுக்கிட்டுப் போவுது. அப்பதான் அவரு என்னைப் பாத்தாரு. நான் பாக்காத மாதிரி இருந்தேன்."

"பாத்தியளா இல்லையா?"

"பாக்காம என்ன. மீசையே மொளைக்கல, அதை முறுக்குதாரு."

நான் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரோடு அசைந்தது.

வண்டி நின்றிருந்ததால் ரேடியேட்டர் ஃபேன் ஓடும் சத்தம் இப்போது கேட்டது. ம்ம்ம் என்று சீரான சத்தம். பிலோமி பேச்சைப் பாதியில் நிறுத்தினாள். தலையைச் சாய்த்து அதைக் கேட்டாள். நெற்றி சுருங்கியது. பிறகு, இத்தனை வருடமாக ஒவ்வொரு அறையிலும் செய்ததுபோல, பார்க்காமலே கையை நீட்டி, 'ஃபேன்' என்று நான் எழுதிய எழுத்தின் மேலே இருந்த வெள்ளை ஸ்விட்ச்சைத் தட்டினாள்.

டக்.

"ஆளில்லாத எடத்துல ஃபேன் ஓடுது" என்றாள். "கரண்டு பில்லு யாரு கட்டுவா?"

ம்ம்ம் சத்தம் அடங்கியது. அவள் மடியில் கையை மடித்து வைத்துக்கொண்டாள். முகத்தில் ஒரு வேலையை முடித்த திருப்தி.

ஏசிக் காற்று வெதுவெதுக்கத் தொடங்கியது. முள் எழுந்தது. கையை நீட்டி ஸ்விட்ச்சைப் போட்டேன். அவள் அதைப் பார்த்தாள். முதல் தடவையாக என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"நான் அணைச்சேன்னு எங்க வீட்டுக்காரருகிட்ட சொல்லிராதிய தம்பி. அவரு செஞ்சு வச்சதுல யாரும் கை வைக்கக் கூடாது. கோவிச்சுக்குவாரு."

"சொல்ல மாட்டேன்மா."

"சத்தியமா?"

"சத்தியமா."

முள் இறங்கியது. மெதுவாகவே ஓட்டினேன்.

மே 3, சனி

எல்லாக் கணக்கும் நேராகிவிட்டது. நான் தனியாக இருந்தபோது ஏன் குளிர்ந்தது, அவளோடு போனால் ஏன் கொதித்தது, கேட்டில் மட்டும் ஏன் முள் ஏறியது. பட்டறையில் இசக்கிமுத்து கண்டமேனிக்குத் தட்டியதில், அவள் அணைத்த ஸ்விட்ச் மறுபடி ஓடும் பக்கம் விழுந்திருக்கிறது. இதை ஜெசிந்தாவிடம் சொன்னால் போதும், என் இன்ஜின் நிரபராதி. ஆனால் அதற்குப் பிறகு பிலோமியை அந்தச் சீட்டில் உட்கார விடமாட்டார்கள். பின்சீட்டில் போடுவார்கள், அல்லது வீட்டிலேயே.

அதோடு, ஒருவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

இசக்கிமுத்து பட்டறைக்குப் போனேன்.

"புது தெர்மோ சுவிட்ச் போட்டு, சூடு ஏறுனா ஃபேன் தானா ஓடுத மாதிரி செஞ்சுரு. ஏசி போட்டாலும் ஓடணும். என் வயரை அத்துரு."

அவன் கையைத் துடைத்துக்கொண்டே வெகுநேரம் என்னைப் பார்த்தான். "அண்ணாச்சிதான் பேசுதியளா?"

"செய்யுதியா, வேற பட்டறைக்குப் போவட்டா?"

"செய்யுதேன், செய்யுதேன். டேஷ்போர்டுல இருக்க வெள்ளை ஸ்விட்ச்சைக் கழட்டிரவா?"

"அது இருக்கட்டும்."

"கனெக்ஷன் இல்லாம அது எதுக்கு அண்ணாச்சி?"

"டக்குன்னு சத்தம் வருதில்லா. அது போதும்."

சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அவன் அம்மாவும் கடைசிக் காலத்தில் எதையோ தேடிக்கொண்டே இருந்தாள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

மே 4, ஞாயிறு

ஜெசிந்தாவிடம், "என் வயரிங்தான் கோளாறு. சரி பண்ணியாச்சு. நீயே வந்து பாரு" என்றேன். கையில் இருந்த கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். பிறந்ததிலிருந்து அந்த வாக்கியத்தை அவள் என் வாயில் கேட்டதில்லை. பொய்யும் இல்லை. வயரிங் என்னுடையதுதான்.

அவள் பின்சீட்டில் ஏறினாள். பிலோமி முன்சீட்டில். உப்பளம் வரை போய்த் திரும்பினோம். "எலை போதுமா தம்பி" என்று பிலோமி கேட்டபோது பின்சீட்டில் அசைவே இல்லை. தன் அம்மாவின் குரலை ஜெசிந்தா கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்பது எனக்குத் தெரியும்.

கேட் அடைத்திருந்தது. சரக்கு ரயில். பெட்டி பெட்டியாக ஊர்ந்தது, உலகத்தில் உள்ள அத்தனை நிலக்கரியும் எங்களைப் பார்த்துக்கொண்டே போவதுபோல. ஃபேன் ம்ம்ம் என்றது. பிலோமி தலையைச் சாய்த்தாள். கையை நீட்டினாள். டக்.

"ஆளில்லாத எடத்துல," என்று தொடங்கி, மீதியை மறந்து, மடியில் கையை வைத்துக்கொண்டாள்.

ஃபேன் ஓடிக்கொண்டே இருந்தது. முள் நடுவில் படுத்துக் கிடந்தது. குளிர் குறையவில்லை. கடைசிப் பெட்டி போனது.

கண்ணாடியில் பார்த்தேன். ஜெசிந்தா அந்த ஸ்விட்ச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. ஏசிக் காற்று பின்சீட்டு வரைக்கும் நன்றாகப் போகிறது என்பதற்கு அது அத்தாட்சி.

வீட்டுக்கு வந்ததும் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, அம்மாவின் தலையைச் சீவிவிட்டுப் போனாள்.

மே 5, திங்கள்

இனிச் செய்ய வேண்டியவையும், செய்ய வேண்டியவர்களும்:

காலையில் இன்ஜின் சூடாகும் முன் ரேடியேட்டரில் தண்ணீர் மட்டம் பார்க்க வேண்டியது நான்.

மழைக்கு முன் கூலன்ட் மாற்ற வேண்டியது இசக்கிமுத்து. கேஸ்கெட் என்ற சொல்லை என் முன்னால் சொல்லாமல் இருக்க வேண்டியதும் அவனே.

வண்டி பார்க்க வருகிறவனை வாசலோடு திருப்பி அனுப்ப வேண்டியது ஜெசிந்தா. குழம்பில் புளியைக் குறைக்க வேண்டியதும் அவள்.

போனில் நான் சொன்னதை மறந்துவிட வேண்டியது கிளாட்வின். ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தால் காபி போட்டுக் கொடுக்க வேண்டியது நான்.

மதியத்தில் மெதுவாக ஓட்ட வேண்டியதும், இலை போதும் என்று சொல்ல வேண்டியதும், மணப்பாடு இப்போது வந்துவிடும் என்று சொல்ல வேண்டியதும் டிரைவர். வீட்டுக்காரரிடம் எதையும் சொல்லாமல் இருக்க வேண்டியதும் டிரைவரே.

ஆளில்லாத இடத்தில் ஓடும் ஃபேனை அணைக்க வேண்டியது பிலோமி.